முடக்குக்கு அந்தப் பக்கம்

உ
சிவமயம்

ஸ்கந்தபுரம்,
21.10.1962

அன்புள்ள மகன் தவராசாவுக்கு,

ஐயா சொல்லச் சொல்லத் தங்கச்சி பத்மாசனி எழுதுகிறாள். முருகன் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடித் திரிகிறோம். நீயும் அங்கே அப்படியே என்று நம்பியிருக்கிறோம்.

உன் ஆறாவது கடிதம் புரட்டாதிக் கடைசியில் வந்தது. வழமைபோல வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை பிரிக்காமல் சாமிப்படத்தடியில் வைத்திருந்து, முற்றத்தில் பாய் விரித்து, பத்மாசனி உரத்து வாசிக்க எல்லோரும் கேட்டோம். பக்கத்துக் காணி அப்புத்துரையும் பெண்சாதி கமலாசனியும் வந்திருந்தார்கள். புடவை மூட்டையோடு வந்த மீராசாகிபு நானாவும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நின்று கேட்டார்.

மகனே, நாலு பக்கம் எழுதியிருந்தாய். நாலு பக்கமும் தெரு. மெக்சிக்கோக்காரர் வீட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் பூசுகிறார்கள், எந்தப் பெண்பிள்ளை எத்தனை மணிக்கு வாசலைக் கழுவுகிறாள், ஐஸ்கட்டி வண்டி போகும்போது கல்லில் எப்படி நீர்க்கோடு விழுகிறது. கமலாசனி "ஆ, ஆ" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். எனக்கு அது மட்டும் காணாது.

நீ வேலை செய்த கப்பலை விட்டு அந்தப் பட்டினத்தில் இறங்கிப் பதினாலு மாதம். 'இங்கே ஒரு அலுவல் இருக்கிறது, முடிந்ததும் அடுத்த கப்பலில் வருகிறேன்' என்று எழுதினாய். என்ன அலுவல் என்று மூன்று கடிதத்தில் கேட்டேன். மூன்றுக்கும் தெருதான் பதிலாக வந்தது.

வருகிற தை மாதம் காணி பதிகிற கந்தோர்த் துரை எங்கள் வாய்க்கால் பக்கம் வருகிறார். குடியேற்றக் காணியைத் துண்டு போட முடியாது என்று உனக்குத் தெரியும். எனக்குப் பிறகு யாருக்கு என்று ஒரு பெயரைத்தான் பதியலாம். இந்தக் காட்டை வெட்டும்போது என்னோடு நின்றவன் நீ. அப்போது உனக்குப் பதினாறு வயது. யானை வந்த அன்றைக்கும் தீப்பந்தத்தோடு என் பக்கத்தில் நின்றாய். அதனால்தான் இவ்வளவு காலமும் அந்த இடத்தில் ஒரு பெயரும் போடாமல் விட்டு வைத்தேன். இனி விட மாட்டேன். தைக்கு முதல் நீ வர வேண்டும், அல்லது நீ வருகிற திகதி வர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பத்மாசனியின் பெயரைப் பதிந்து, அவளுக்கு ஒரு இடத்தில் பேசி முடிப்பேன். நீ அந்தத் தெருவோடேயே இருந்துகொள்.

கடைசி வசனத்தை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்கிறா. எழுது என்று நான் சொல்கிறேன். பத்மாசனி எழுதியிருக்கிறாள்.

அம்மா கேட்பது: தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? சனிக்கிழமை முழுகுகிறாயா? யார் சமைக்கிறார்கள்? வெள்ளைப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. விதைப்பு முடிந்து மழையைப் பார்த்திருக்கிறோம்.

இனித் தெருவைப் பற்றி எழுத வேண்டாம். திகதியை மட்டும் எழுது.

இந்தக் கடிதம் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பி வாசிக்கப்பட்டது. இதில் உள்ளது முழுக்க நான் சொன்னதுதான்.

உன் ஐயா,
க. வீரகத்தி


உ

ஸ்கந்தபுரம்,
25.10.1962, வியாழக்கிழமை

என் ஆசை அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை எழுதிய ஐயாவின் கடிதம் முந்துமோ இது முந்துமோ தெரியாது. இது முந்தினால் அதைப் பிரிக்கவே வேண்டாம்! இல்லை, பிரியுங்கள். ஆனால் அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது ஐயா எங்கள் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்துத்தான் சொன்னார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இந்தக் கடிதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் வருகிற கடிதமும் போகிற கடிதமும் முற்றத்தில் சத்தமாக வாசிக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அதனால் இதைக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஊறியிருக்கிற இடமெல்லாம் கண்ணீர் என்று நினைக்க வேண்டாம், வாளித் தண்ணீர். ஒரு இடம் மட்டும் வேறு. மீராசாகிபு நானா கிளிநொச்சியில் உறையும் முத்திரையும் வாங்கித் தந்திருக்கிறார். அவரேதான் கொண்டுபோய்த் தபாலில் போடுவார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவுக்கு என்னைப்போல ஒரு பைத்தியம் இலங்கையிலேயே கிடையாது! ஆறு கடிதமும் எனக்கு மனப்பாடம். தபால்காரர் கழுகும் பாம்பும் போட்ட முத்திரையைத் தூரத்திலேயே கண்டுபிடித்து, "பிள்ளை, கழுகுக் கடிதம்!" என்று சந்தியிலிருந்தே கத்துவார். எனக்குக் கால் நிலத்தில் நிற்காது. வெள்ளிக்கிழமை வரும்வரைக்கும் அந்த உறையை மணந்து மணந்து பார்ப்பேன். சாம்பிராணியும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு மணம். மெக்சிக்கோவின் மணம் அதுதான் என்று கமலாசனி அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எழுதிய நீலக் கதவை நினைத்து, உடுப்புக்குப் போடுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து எங்கள் கிணற்றுக்கட்டுக்குப் பூசினேன். "இதென்னடி, கிணறோ கோயிலோ?" என்று ஐயா கேட்டார். அந்தப் பெண்பிள்ளை செய்வதுபோல விடியற்காலையில் படலைக்கு வெளியே தண்ணீர் தெளித்துக் கூட்டினேன். "எடி, றோட்டையும் குளிப்பாட்டப் போறியே?" என்று அம்மா. சிரியுங்கள், சிரியுங்கள்! ஆனால் கூட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கிரவல் றோட்டில் ஈரம் பட்ட இடம் மட்டும் ஆட்டு ஈரல் நிறத்தில் இருந்தது. பத்து வருடமாக இந்த றோட்டில் நடக்கிறேன், அதை ஒரு நாளும் பார்க்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறேன். மதகுக்குக் கீழே வெயில் ஆடுகிறது. எருமையின் முதுகில் சேறு காய்ந்து வெடிக்கிறது. இதெல்லாம் நீங்கள் பழக்கின கண்.

இனி விசயத்துக்கு வருகிறேன். வருவதற்குப் பயமாக இருந்ததால்தான் இவ்வளவும் அலட்டினேன்.

ஆறாவது கடிதம் வாசித்த பின்னேரம் அப்புத்துரை அண்ணைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வீரகத்தியண்ணை, உவன் தெருவைப் பாக்கேல்ல, தெருவில ஆரையோ பாக்கிறான். வாசல் கழுவிற பெட்டை எத்தினை மணிக்கு வாறாள் எண்டு மணிக்கூடு வைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறான்!" என்றார். "பேந்தென்ன, மெக்சிக்கோ மருமகளுக்கு ஒரு அறை இறக்குங்கோ" என்று கமலாசனி அக்கா வேறு. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஐயா எழுந்து மாட்டடிக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் காணியில் என் பெயரைப் பதிகிற எண்ணம் அவருக்கு வந்தது.

மீராசாகிபு நானாவும் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அம்மாவுக்குச் சீத்தைத் துணி கொண்டுவந்தார். நான் வேலியடியில் நின்றேன். "மகள், உங்கட அண்ணனுக்கு வத்தாளங்கிழங்கு பிடிக்காதா?" என்று கேட்டார்.

"என்ன நானா கதைக்கிறியள்? குசினியில அவிக்கிற மணத்துக்கே வயலிலயிருந்து ஓடி வாற ஆளெல்லோ" என்றேன்.

"அப்ப ஏன் வாங்கித் தின்னல்ல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஊர் ஊராச் சுத்திற யாவாரி. ஒரு மனுசன் ஒரு தெருவில இருந்தா என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியும். பின்னேரமெல்லாம் கிழங்கு வண்டி விசிலடிச்சுக்கொண்டு வருதாம். பூக்காரி வாறாவாம். ரொட்டி சுடுறாங்களாம். உங்கட அண்ணன் ஒரு சாமான் வாங்கினதா எழுதினாரா? விலை கேட்டதா எழுதினாரா? அந்தத் தெருவில ஒருத்தராவது அவரோட கதைச்சதா எழுதினாரா? எல்லாத்தையும் கண்டிருக்கிறார் மகள். ஒண்டையும் தொடல்ல." பிறகு, "எனக்கென்ன தெரியும், கேட்டன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அண்ணா, கிழங்கு வண்டியின் விசில் தாய்ப்பசு கன்றைத் தேடிக் கத்துவதுபோல இருக்கும் என்று எழுதினீர்கள். அந்த வண்டியிலிருந்து எழும்புகிற ஆவி சிவந்த வெயிலில் எப்படி நிற்கும் என்று எழுதினீர்கள். கிழங்கு இனிப்பா, மாவா, தேங்காய்ப்பூ இல்லாமல் எப்படித் தின்கிறார்கள், ஒன்றுமே எழுதவில்லை. நீங்கள்!

அன்றைக்குப் பின்னேரம் ஆறு கடிதத்தையும் எடுத்து, போன வருடக் கலண்டரின் பின்பக்கத்தில் உங்கள் தெருவைக் கீறத் தொடங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் படம் கீற யார் பழக்கினார்கள் என்று கேட்பீர்கள். அலுமாரிக்குள் ஐயா வைத்திருக்கிற காணிப் படத்தைப் பார்த்து நானாகவே பழகினேன். எங்கே நின்று பார்த்தால் எது தெரியும் என்று அதில் கோடு போட்டிருக்கும். அதைப்போல நானும் போட்டேன். எதிரே றோசாச் சுவர். அதன் பக்கத்தில் நீலக் கதவு. இடது கைப் பக்கம் தேவாலயக் கோபுரத்தின் நுனி, மணி மட்டும். வலது கைப் பக்கம் மஞ்சள் சுவர், அதோடு தெரு வளைந்து முடங்குகிறது. ஐஸ் வண்டியின் நீர்க்கோடு அந்த முடக்கு வரைக்கும்தான். கத்தி சாணை பிடிக்கிறவரின் குழல் அவருக்கு முந்தி முடக்கால் வருகிறது, அவர் போன பிறகும் முடக்குக்கு அந்தப் பக்கத்தில் கேட்கிறது. திருவிழாவுக்குத் தெருவுக்குக் குறுக்கே கட்டுகிற வெட்டுக் கடதாசித் தோரணமும் அந்த முடக்கு வரைக்கும்தான்.

கோடெல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டின, அண்ணா. ஒரு புள்ளி. பதினாலு மாதத்தில் நீங்கள் ஒரு தடவைகூட அந்த முடக்கால் திரும்பவில்லை. இங்கே ஒரு செருப்பு அறுந்தாலும் கிளிநொச்சி வரைக்கும் நடந்து போய் வருகிற ஆள் நீங்கள்.

புள்ளி உயரத்தில் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. தொப்பிகளின் உச்சியை எழுதியிருக்கிறீர்கள். குடத்தின் வாய்க்குள் தண்ணீர் தளம்புவதை எழுதியிருக்கிறீர்கள். வாசல் கழுவுகிற பெண்ணின் தலைவகிடு பின்பக்கம் வரைக்கும் நூல் பிடித்தது போல இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் நிற்கிறவனுக்கு ஒரு பெண்ணின் வகிடு அப்படித் தெரியாது. அப்புத்துரை அண்ணை ஏதேதோ சொன்னார். நான் அந்தப் பெண்ணின் நிறத்தைத் தேடினேன், கண்ணைத் தேடினேன். ஆறு கடிதத்திலும் இல்லை. பாவம், அவள் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை போல.

நாலாவது கடிதத்தில் 'கட்டிலை மாத்திப் போட்டார்கள், அதனால் ஒரு கிழமை எனக்குத் தெரு இல்லை' என்று ஒரு வரி. நீங்கள் வேறு விடுதிக்குப் போயிருக்கிறீர்கள் என்று ஐயா எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

கடைசியாக ஒன்று. முதற் கடிதத்திலிருந்தே நீங்கள் பேனையால் எழுதவில்லை, பென்சில்தான். நேற்று நான் பாயில் மல்லாந்து படுத்து, கடதாசியை மேலே பிடித்துக்கொண்டு பேனையால் எழுதிப் பார்த்தேன். மூன்று எழுத்தோடு மை இறங்கவில்லை. பென்சில் எழுதியது. என் எழுத்து உங்கள் எழுத்தைப் போலவே வலது பக்கம் சரிந்தது.

அந்த ஒரு இடத்து ஈரம் இதுதான்.

அண்ணா, நான் பிழையாக நினைக்கிறேன் என்றால் எனக்கு நல்ல ஏச்சு எழுதுங்கள். "விசரி" என்று எழுதுங்கள். மடியில் வைத்துக் கும்பிடுவேன். சரியாக நினைக்கிறேன் என்றால், நீங்கள் பதினாலு மாதமாக முடக்குக்கு இந்தப் பக்கமே அழகு தேடித் தேடி எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே உங்களை...

சரி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்கும். தையில் துரை வருவார். வயலும் மேட்டுக்காணியும் இந்த வீடும் எனக்கு. ஒரு முறை பதிந்தால் பிறகு ஐயா மாற்ற மாட்டார், அவருடைய பிடிவாதம் தெரியும்தானே. நீங்கள் என்றைக்காவது திரும்பி வந்தால் தங்கச்சி வீட்டில் இருக்கிற ஆளாக இருப்பீர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அது எனக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்க, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நானே சொல்லலாம். ஐயாவிடம் கலண்டரைக் காட்டலாம். ஆனால் என் வாயால் வந்தால் அம்மாவுக்கு அது சாவுச் செய்தி மாதிரி இருக்கும். உங்கள் கையால் வந்தால், எழுதுகிற கை இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து வரும்.

அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். ஐயாவின் பெயருக்கே எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். வத்தாளங்கிழங்கு என்ன ருசி என்று எழுதுங்கள். யாரையாவது வாங்கித் தரச் சொல்லித் தின்று பார்த்து எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை முற்றத்தில் நான் சத்தமாக வாசிப்பேன். குரல் நடுங்காது, சத்தியம்.

படத்தையும் இதோடு மடித்து வைக்கிறேன். முடக்குக்கு அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்கள் தெருவின் ரசிகை, உங்கள் தங்கச்சி,
பத்மா


உ

ஸ்கந்தபுரம்,
17.02.1963

என் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காணிக் கந்தோர்த் துரை அடுத்த கிழமைப் புதன் வருவதாக அறிவித்திருந்தார்கள். இன்றைக்கே வாசிப்போம் என்று கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை எண்டா வெள்ளிக்கிழமைதான். திகதி எழுதியிருந்தா அது ஓடிப் போகாது" என்று ஐயா சாமிப்படத்தடியில் வைத்துவிட்டார். அந்த மூன்று நாளும் குசினிக்கும் சாமிப்படத்துக்கும் எத்தனை தரம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பாய் விரித்தாயிற்று. அப்புத்துரை அண்ணை உட்காரும்போதே, "பிள்ளை, அந்த வாசல் கழுவிற பெட்டைக்கு இப்ப எத்தினை மணியாம்?" என்று தொடங்கினார். நான் பிரித்தேன். ஒரு பக்கம்தான். பென்சில்.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பி எழுதுவது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் நான் எப்படி வாசித்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். 'கிழங்கு என்ன ருசி என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது, ஐயா. இந்தத் தெருவில் நான் ஒரு நாளும் நடக்கவில்லை. கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து, கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரி மேல்மாடியில் படுத்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னல் இருந்தபடியால் உங்களுக்கு எழுத ஏதோ இருந்தது. பத்மா கீறிய படம் சரி. முடக்குக்கு அந்தப் பக்கத்தை நானும் காணவில்லை.' குரல் நடுங்கவில்லை. 'ஐயா' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம்.

வாய்க்கால் பக்கத்தில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"திருப்பி வாசி" என்றார் ஐயா. வாசித்தேன். "திருப்பி வாசி." மூன்றாம் தரம் வாசிக்கும்போது அப்புத்துரை அண்ணை தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் படலையைத் திறந்து போய்விட்டார். மீராசாகிபு நானா நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அம்மா அழுவா என்றுதான் நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவ அழவில்லை. "ஆர் அவனைத் திருப்பிப் படுக்க விடுகினம்?" என்று கேட்டா. எனக்கு விளங்கவில்லை. "ஒரே பக்கம் கிடந்தா முதுகு புண்ணாய்ப் போயிடும் பிள்ளை. ஆர் திருப்பி விடுகினம் எண்டு எழுதியிருக்கோ பார்" என்றா. கடதாசியின் பின்பக்கத்தையும் பார்த்தேன். இல்லை. அதனால் அண்ணா, இந்தக் கடிதத்துக்கு நீங்கள் முதலில் பதில் எழுத வேண்டியது அதற்குத்தான். யார் திருப்பி விடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தரம். அம்மா அன்றைக்கிருந்து ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

ஐயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிய 'தொம், தொம்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பக்க அறையின் மண்சுவரை ஐயா அலவாங்கால் இடிக்கிறார்.

"இஞ்சேருங்கோ, என்ன வேலை இது? றோட்டுத் தூசி முழுக்க உள்ளுக்கு வரப்போகுது!" என்று அம்மா.

"வரட்டும். தூசி வாற வழியாலதான் றோட்டும் தெரியும்" என்றார் ஐயா.

பத்து மணிபோல அப்புத்துரை அண்ணை வந்தார். தன் வீட்டுக்கென்று அறுத்து வைத்திருந்த முதிரை யன்னல் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சுவரோடு சாத்தினார். இருவருமாகச் சட்டத்தைத் தூக்கிப் பொருத்தினார்கள். ஐயா சட்டென்று நிறுத்தச் சொல்லிவிட்டு, "பிள்ளை, அண்ணன்ர கட்டிலைக் கொண்டுவந்து உதில போடு" என்றார். போட்டோம். அண்ணா, பகலில் ஐயா படுத்து நீங்கள் கண்டிருக்கிறீர்களா? காய்ச்சலுக்கும் கதிரையில்தானே இருப்பார். அன்றைக்கு மண் பிரண்ட வேட்டியோடு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். காலை நீட்டி அசைக்காமல் வைத்துக்கொண்டார். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"கீழ இறக்கு. இன்னும் ஒரு சாண். இன்னும் கொஞ்சம்." அப்புத்துரை அண்ணை இறக்கினார். "சரி. இப்ப றோட்டுத் தெரியுது."

படுத்தபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிகிறது என்று நான் கேட்டேன். மதகு, வாய்க்கால், மீராசாகிபுவின் சைக்கிள், பிறகு முடக்கு என்றார். முடக்கில் எங்கள் இரண்டு தோடைமரமும் நிற்கிறதல்லவா, கிளிநொச்சி பஸ் அதற்குப் பின்னால்தானே வரும். ஐயா எழுந்தார். கோடரியை எடுத்தார். அம்மா பின்னாலேயே ஓடினா. "ஐயோ, காய்க்கிற மரம்! குடத்தால ஊத்தி ஊத்தி வளத்தனீங்களெல்லோ!"

"மறைக்குது" என்றார் ஐயா. அவ்வளவுதான் சொன்னார். பின்னேரத்துக்குள் இரண்டும் விழுந்துவிட்டன.

இப்போது கட்டிலில் படுத்தால் முடக்குக்கு அந்தப் பக்கமும் தெரிகிறது, அண்ணா. பாலைமரம் வரைக்கும் தெரிகிறது. பஸ் முதலில் தூசியாக வருகிறது, பிறகு கண்ணாடியில் ஒரு வெளிச்சம் அடிக்கிறது, பிறகுதான் பஸ்ஸாகிறது. உங்களுக்காக நான் அதை நாலு நாள் படுத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை துரை வந்தார். மதகடியில் மேசை போட்டு எழுதினார். ஐயாவின் முறை வந்தபோது நான் பின்னால் நின்றேன். யாருடைய பெயர் என்று கேட்டார். "வீரகத்தி தவராசா" என்றார் ஐயா. ஆள் ஊரில் நிற்கிறாரா என்று துரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "வந்துகொண்டிருக்கிறான்" என்றார் ஐயா. துரை எழுதிக்கொண்டார். அதைவிடச் சந்தோசமான எழுத்தை நான் தலைகீழாக வாசித்ததில்லை.

அண்ணா, நீங்கள் எப்படி வருவீர்கள் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. எந்தக் கப்பல் ஏற்றும், யார் தூக்கி இறக்குவார்கள், கொழும்பிலிருந்து இங்கே எப்படி. ஐயா யாரிடமோ கேட்கிறார், ஆள் ஆளுக்கு ஒவ்வொன்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து ஐயா நேராக அந்த அறைக்குத்தான் போகிறார். அம்மா பஸ் நேரத்துக்கு யன்னலடியில் போய் நிற்கிறா. பஸ்ஸில் நீங்கள் வர மாட்டீர்கள் என்று அவவுக்கும் தெரியும். நிற்கிறா.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கும்போது ஐயா சொல்ல வருவார் என்று கதிரையைப் போட்டு வைத்தேன். "நீ உன்ர பாட்டில எழுது. திருப்பி வாசிக்க வேண்டாம்" என்றார். படலை வரைக்கும் போனவர், திரும்பி வந்தார். ஒரு வரி மட்டும் தன்னுடையதாகச் சேர்க்கச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்:

"தெருவைப் பற்றி எழுதச் சொல்லு. திகதி எழுதாட்டியும் பறவாயில்லை."

அம்மா உங்கள் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்து மடித்துத் தந்த திருநீற்றை இதோடு அனுப்புகிறேன். யார் உங்களைத் திருப்பிப் படுக்க விடுகிறார்களோ, அவர்களுடைய நெற்றியிலும் கொஞ்சம் பூசிவிடும்படி அம்மா சொல்கிறா.

உங்கள் தங்கச்சி,
பத்மா